காற்றுக்கு வழிவிட்ட வேலி

எங்கள் வீட்டுப் பக்கவாட்டில், மரவேலியின் ஓரமாக, ஒரு பழைய அலுமினிய அன்னக்கூடை சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. மீன் விற்கிறவர்கள் தலையில் சுமக்கிற அகலமான கூடை. அடிப்பாகம் தேய்ந்து மங்கிவிட்டது. எத்தனை முறை புளி போட்டுத் தேய்த்தாலும் மழை நாளில் லேசாக மீன் வாடை வரும். அதன் விளிம்பில் ஓரிடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, உள்பக்கமாக ஒரு நெளிவு இருக்கிறது. அந்த நெளிவு என்னால் வந்தது என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் குற்றவுணர்ச்சி இருந்தது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையும் இருந்தது. தப்பு செய்தவனுக்கும் கதையில் ஓர் இடம் கிடைத்துவிடுகிறதல்லவா. அந்த இடமும் எனக்கில்லை என்று தெரிந்தது இந்த வருஷம்தான்.

கூடை எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவந்த அம்மாவுடையது. பெயர் தெரியாமல் இல்லை. ஆனால் தெரு முழுக்க அவரை மீன்காரம்மா என்றுதான் கூப்பிட்டது, நானும் அப்படியே எழுதுகிறேன். என் அக்காவைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். காலையில் எட்டு மணிவாக்கில் குப்பத்திலிருந்து மணலில் நடந்து வந்து எங்கள் சந்தில் ஏறுவார். மற்ற மீன்காரர்களைப் போலக் கூவ மாட்டார். ஒவ்வொரு வீட்டு இரும்புக் கதவிலும் தாழ்ப்பாளை இரண்டு முறை தட்டுவார், அவ்வளவுதான். தோளில் ஒரு கொக்கித் தராசு தொங்கும். மீனை அதில் மாட்டும்போது முள்ளைப் பார்க்க மாட்டார், வாங்குகிறவர் முகத்தைத்தான் பார்ப்பார். எடை அவர் கைக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும்; தராசு நமக்காக.

நானும் அக்காவும் அப்போது அந்த வீட்டில் இரண்டே பேர். எனக்குச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை; அலுவலகத்துக்குப் பக்கம் என்று கோவளத்துக்குச் சற்று முன்னால், கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில், இந்தச் சின்ன வீட்டை வாங்கியிருந்தேன். கடற்காற்றில் வீடு வாங்குகிறவன் வீட்டோடு துருவையும் சேர்த்து வாங்குகிறான் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

அக்கா தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முழங்கையில் ஒரு வட்டமாக ஆரம்பித்த சொரியாசிஸ், மூன்று வருஷத்தில் இரண்டு கைகளையும் முதுகையும் பிடித்துக்கொண்டது. சிவந்து, தடித்து, வெள்ளைச் செதிலாக உதிரும். ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. அதை அவள் ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு வகுப்பிலும், கணக்கை விளக்குவது போல நிதானமாக விளக்கியிருக்கிறாள். ஒருநாள் ஒரு பிள்ளை, திருத்திக் கொடுத்த நோட்டைக் கைக்குட்டையால் பிடித்து வாங்கிக்கொண்டு போனதாம். "பாவம், வீட்ல சொல்லிக் குடுத்திருக்காங்க" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். அந்த மாதமே நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாள். மாடம்பாக்கத்தில் அம்மா வீட்டில் இருக்கவும் பிடிக்கவில்லை. அங்கே தெருவுக்குத் தெரு அவளிடம் படித்த பிள்ளைகள். கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் பத்துப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். யாருக்கும் தன்னைத் தெரியாத இடம் வேண்டும் என்று என்னிடம் வந்து சேர்ந்தாள்.

டாக்டர் மருந்தோடு இன்னொன்றும் சொல்லியிருந்தார். தினமும் காலை வெயில் கொஞ்ச நேரம் கையிலும் முதுகிலும் நேராகப் பட வேண்டும். கேட்க எளிது. மொட்டைமாடிக்குப் போனால் இரண்டு பக்கமும் அடுக்குமாடி பால்கனிகள், பல் தேய்த்துக்கொண்டு நிற்கிறவர்கள். வீட்டின் பக்கவாட்டில் ஒரு தோட்டம் உண்டு. தோட்டம் என்பது மரியாதைக்கு, பன்னிரண்டடி அகல மணல். பால்கனிக் கண்கள் எட்டாத இடம் அது ஒன்றுதான். ஆனால் அதை ஒட்டித்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போகிற சந்து. நடுவே மார்பளவு மதில். மதிலை உயர்த்தலாமா என்று கொத்தனாரைக் கேட்டேன். மணலில் நிற்கிற அஸ்திவாரம், இன்னும் நாலு வரிசை கல் ஏற்றினால் மொத்தமாகச் சாய்ந்துவிடும் என்றார். தகரம் அடித்தால் உப்புக்காற்றில் இரண்டு வருஷம் தாங்காது. கடைசியில் மதிலை எடுத்துவிட்டு மரத்தில் உயரமாக ஒரு வேலி போடுவது என்று முடிவாயிற்று. அக்கா ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்தாள். "ஊசி நுழையற இடைவெளிகூட இருக்கக் கூடாதுடா. இருந்தா நான் வெளிய வர மாட்டேன்."

அப்போது ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்திருந்தது. அம்மா மாடம்பாக்கத்திலிருந்து தினமும் போன் செய்தாள். மார்கழி வந்தால் எதையும் ஆரம்பிக்க முடியாது, அதற்குள் முடித்துவிடு என்றாள். எனக்கு நாள் நட்சத்திரத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் எங்களைப் போன்ற மாதச் சம்பளக் குடும்பங்களில் நம்பிக்கை இல்லாதவனும் 'எதற்கு வம்பு' என்று நம்புகிறவன் மாதிரியே நடந்துகொள்வான். நான் அடைமழையில் வேலி போட்டேன். மரவாடியில் அறுத்த பலகைகள் நேராக என் வீட்டுக்கு வந்து இறங்கின. "இன்னும் ஈரமா கீது சார்" என்று தச்சர் சொன்னார். மார்கழிக்கு முன்னால் முடிய வேண்டும் என்றேன். அவருக்கும் வீட்டில் ஓர் அம்மா இருந்திருக்க வேண்டும், புரிந்துகொண்டு தலையாட்டினார். மரக்கால்களைக் குழியில் நிறுத்தி கான்கிரீட் ஊற்றினார்கள். அம்மா ஆட்டோ பிடித்து வந்து முதல் காலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பந்தக்காலுக்குச் செய்வது போல நவதானியம் போட்டுப் பாலும் ஊற்றிவிட்டுப் போனாள். கரையானுக்கு அதைவிட நல்ல அழைப்பிதழ் இருக்க முடியாது என்று இப்போது தெரிகிறது. பலகைகளை ஒன்றோடொன்று இறுக்கி, ஏழடி உயரத்துக்கு, சுவர் போல அடித்து முடித்தார்கள்.

மறுநாள் மீன்காரம்மா வந்தபோது கூடையை இறக்காமலே பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"காத்து எங்க தம்பி பூரும்?"

"காத்துகூட பூரக் கூடாதுன்னுதாம்மா போட்டிருக்கோம்" என்றேன், ஏதோ பெரிய பதில் சொல்லிவிட்ட திருப்தியில்.

அவர் கூடையை இறக்கினார். நெத்திலி நல்லாக் கீது, எடுத்துக்கோ என்றார்.

மூன்று காலைகள் அக்கா வெயிலில் உட்கார்ந்தாள். கையில்லாத ஒரு பழைய ரவிக்கை, மடியில் ஒரு துண்டு, முதுகை வெயிலுக்குக் காட்டி, கையில் கணக்குப் புதிரோடு ஒரு பத்திரிகை. மூன்றாம் நாள் ஏதோ முணுமுணுத்துப் பாடுவது கேட்டது. நான் சமையலறையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டே காபியைப் பொங்கவிட்டேன். பிறகு இரண்டு நாள் விடாமல் மழை. பலகைகள் தண்ணீரைக் குடித்து ஊதின. ஊத இடமில்லாததால் வேலி முழுவதும் சந்துப் பக்கமாக, பிள்ளைத்தாய்ச்சி வயிறு போலப் புடைத்துக்கொண்டு நின்றது. பார்த்தேன். ஆட்களைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த காலை பளிச்சென்று வெயில் அடித்தது. அக்கா நாற்காலியை எடுத்துக்கொண்டு போனாள். நான் காதில் ஹெட்போனோடு அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன்.

ஒரே ஒரு காற்றுதான். அதைப் பெரிய காற்று என்றுகூடச் சொல்ல முடியாது. போக வழியில்லாமல் வேலி மேல் மோதிய காற்று, மழையில் இளகிய மணலிலிருந்து கான்கிரீட் கட்டிகளையும் சேர்த்துப் பெயர்த்து, ஏழடி வேலியைச் சந்தில் குப்புறப் படுக்கவைத்தது. அந்த நேரத்துக்குச் சந்தில் யாரும் அடிபடாதது ஆண்டவன் புண்ணியம். ஆனால் ஆள் இல்லாமல் இல்லை. ஸ்கூல் வேன் நின்றுகொண்டிருந்தது. ஸ்கூட்டரில் இரண்டு பேர், சித்தாள் வேலைக்குப் போகிற பெண்கள் நாலைந்து பேர், பஸ்ஸுக்குப் போகிறவர்கள். சத்தம் கேட்டு அத்தனை பேரும் எங்கள் பக்கம் திரும்பப் போகிற அந்த நொடியில் இன்னொரு சத்தம் கேட்டது. தார் ரோட்டில் அலுமினியம் விழுந்து சுழல்கிற பெரிய சத்தம். கூடவே மீன்காரம்மாவின் குரல். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை.

"ஐயோ என் மீனு! மிதிச்சிடாதீங்கயா, வண்டிய நிறுத்துயா! நண்டு ஓடுது பாரு, நண்டு!"

ரோடு முழுக்க மீன். சங்கரா, காரப்பொடி, சிதறிய நெத்திலி. கட்டு அவிழ்ந்த இரண்டு நண்டுகள் ஸ்கூல் வேனுக்கு அடியில் ஓடின. வேனுக்குள் பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். ஸ்கூட்டர்காரர்கள் இறங்கினார்கள், சித்தாள் பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு பொறுக்கினார்கள். நானும் ஓடினேன். எங்கே ஓடினேன் என்பதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. திறந்து கிடக்கிற தோட்டத்தில் என் அக்கா உட்கார்ந்திருக்கிறாள்; நான் சந்துக்கு ஓடி, காலடியில் கிடந்த ஒரு சங்கராவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஞாபகம் வந்து திரும்பிப் பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது. கதவு சாத்தியிருந்தது.

மீன்காரம்மா எங்கள் குழாயில் மீனைக் கழுவினார். பாதி நசுங்கிப் போயிருந்தது. கூடையின் விளிம்பு நெளிந்திருந்தது. "வேலி விழுந்த சத்தத்துல பயந்துட்டீங்களாம்மா, மன்னிச்சுக்குங்க, புதுக் கூடை வாங்கித் தரேன்" என்றேன். "எதுக்கு, இதுல மீனு நிக்காதா?" என்று கேட்டுவிட்டுத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு உள்ளே போன அக்கா பிறகு வெளியே வரவில்லை. அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜன்னல் திரையை ஊக்கு போட்டு மூடிக்கொண்டாள். தோல் மறுபடி வெடிக்க ஆரம்பித்தது. இரவில் போட்ட வெள்ளைப் போர்வையைக் காலையில் அவளே உதறி அவளே துவைத்தாள். நான் தச்சரைக் கூப்பிட்டேன். பின்னால் இரும்பு ஆங்கிள் கொடுத்து, கனமான ஆணியாக அடித்து மறுபடி நிறுத்திவிடலாம் என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது மீன்காரம்மா தாழ்ப்பாளைத் தட்டினார். கேட்டுவிட்டு, "இரும்பா? இந்தக் காத்துலயா?" என்றார். "துரு மொதல்ல ஆணியத் துன்னும், அப்பறம் மரத்தத் துன்னும். எங்க குப்பத்துல கருவாட்டுக் களத்துக்கு நாங்களே போட்ட வேலி கீது. நானும் எங்க வூட்டுக்காரரும் போட்டது. வந்து பாரு, அப்பறம் எது வேணாச் செய்யி."

ஞாயிற்றுக்கிழமை போனேன். அலையிலிருந்து நூறடி இருக்காது. கருவாடு காயவைக்கிற களத்தைச் சுற்றி, நாய்க்கும் மணலுக்கும் தடுப்பாக, பழைய படகுப் பலகைகளில் ஆள் உயர வேலி. பலகைகள் வெயிலிலும் உப்பிலும் வெளுத்துப் போயிருந்தன. வெளியே நின்று பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. உள்ளே போய் வேலிக்குப் பின்னால் நின்றேன். முகத்தில் குளுகுளுவென்று காற்று அடித்தது. நான் திரும்பிப் பலகையைப் பார்த்தேன், இடுக்கு எதுவும் தெரியவில்லை. கையை வைத்துப் பார்த்தேன். காற்று வந்துகொண்டுதான் இருந்தது. வேடிக்கை காட்டுகிறவன் முன்னால் குழந்தை நிற்பது போல நான் அந்த வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன்.

கிட்டே போய்ப் பார்த்தால் விஷயம் எளிது. குறுக்குச் சட்டத்தின் இந்தப் பக்கம் ஒரு பலகை, அடுத்தது அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். ஒவ்வொன்றும் அடுத்த பலகையின் ஓரத்தை இரண்டு விரற்கடை மறைக்கிறது. காற்று வளைந்து உள்ளே வந்துவிடும். பார்வைக்கு வளையத் தெரியாது. மீன்காரம்மா மணலில் குந்தி உட்கார்ந்து கருவாட்டைப் புரட்டிப் போட்டபடி சொன்னார்: "காத்து பூந்து போவும், கண்ணு போவாது. காத்த நிறுத்தணும்னு நெனச்சா அது உன்னியத்தான் தள்ளும்."

எங்கள் வேலியை அவரும் அவர் வீட்டுக்காரரும் போடுவதென்று பேசிக்கொண்டோம். பேரம் பேசியதும் அவர்தான், ஜெயித்ததும் அவர்தான். விழுந்த பலகைகளையே பிரித்து, ஆணிகளைப் பிடுங்கி, கார் நிறுத்துகிற கூரைக்கு அடியில் நடுநடுவே குச்சி கொடுத்து அடுக்கினார்கள். நாளைக்கே ஆரம்பிப்பார்கள் என்று நினைத்தேன். மீன்காரம்மா ஒரு பலகைத் துண்டை எடுத்தார், துளையிட்டுக் கயிறு கட்டினார், தராசில் மாட்டினார், எடையை என்னை வாசிக்கச் சொன்னார். "நெனப்புல வெச்சிக்கோ" என்றார். துண்டை அடுக்கின் நடுவில் சொருகிவிட்டு மீன் விற்கப் போய்விட்டார். மறுநாள் வந்து மறுபடி மாட்டினார். அதற்கு அடுத்த நாளும்.

ஈரம் போகப்போக எடை குறையும். குறைவது நின்றால் மரம் காய்ந்தது என்று அர்த்தம். கருவாட்டில் பிறந்து வளர்ந்தவருக்கு அது பாடமே இல்லை. சங்கரா எடை போட்ட அதே கொக்கியில் தேக்கு மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என் மட்டரகப் பலகை தொங்கும். மார்கழி போனது. எடை குறைந்துகொண்டே இருந்தது. தையில் விடியற்காலைப் பனி. ஒருநாள் எடை ஏறியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே அக்கா திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள், இங்கே பலகைக்கு எடை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

"போதும்மா, இதுக்கு மேல காத்திருக்க முடியாது. எங்க அக்காவுக்கு ஒவ்வொரு நாளும் முக்கியம்" என்று சத்தமாகவே சொன்னேன்.

அவர் தராசை மடித்துத் தோளில் போட்டார். "பேஜார் பண்ணாத தம்பி. ஒரு தபா வுயுந்துச்சு. இன்னொரு தபா வுயுந்தா டீச்சர் இந்த ஜென்மத்துல வெளிய வராது. அத்த யோசிச்சிக்கோ."

அவர் அக்காவைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. அக்கா டீச்சர் என்று நான் எப்போதோ சொல்லியிருப்பேன். ஏன் வெளியே வர வேண்டும் என்பதை நான் சொன்னதே இல்லை. மாசி பிறந்து ஒரு வாரத்தில், அடுத்தடுத்து நான்கு நாள் முள் ஒரே இடத்தில் நின்றது. "ம்ம், செய்வோம்" என்றார்.

இந்த முறை மரம் மண்ணைத் தொடவே இல்லை. காலி மனைகளுக்கு வேலி போட நடுவார்களே, கருங்கல் கால், அதைத்தான் ஆழமாக நட்டார்கள். கல்லில் துளை போட்டு, தரைக்கு நாலு விரல் மேலே மரக்காலைப் பொருத்தி முடுக்கினார்கள். முடுக்குவதற்குத் துருப்பிடிக்காத போல்ட்டுகள் வேண்டும் என்று மீன்காரம்மா என்னைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு அனுப்பினார். அரை நாள் விடுப்பு எடுத்து, பழைய மின்விசிறிகளுக்கும் கண்ணாடிக் கூண்டுகளுக்கும் நடுவே கையில் ஒரு காந்தத்தோடு அலைந்தேன். காந்தம் இழுக்காததை மட்டும் எடு என்பது உத்தரவு. ஆறு வருஷமாக மேனேஜர்களின் உத்தரவுகளை அரைமனதாகக் கேட்டு வந்தவன், இந்த உத்தரவை வரிக்கு வரி நிறைவேற்றினேன்.

பலகைக்கு எண்ணெய் பூச வேண்டும். படகுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவார்கள், பூச்சி அண்டாது என்று நானே எங்கோ படித்திருந்தேன். அதை வாங்கட்டுமா என்று கேட்டேன். மீன்காரம்மா பலகையின் அறுத்த முனையை நாக்கால் லேசாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். உப்பு இருந்தால் எண்ணெய் பிடிக்காது என்று ஒவ்வொரு பலகையையும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, அப்படித்தான் சோதித்தார்.

"முந்திரி எண்ண வாணாம்" என்றார். "அது தோல்ல பட்டா பொத்துக்கும். டீச்சர் கைய வெக்கும், சாஞ்சி ஒக்காரும். அதுக்கு ஆவாது. பெயின்ட்டு கடையில லின்சீட் எண்ணன்னு கேளு."

ஆளிவிதை எண்ணெய்தானே, சரி என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். தெருமுனை வரைக்கும் போன பிறகுதான் புரிந்தது. பார்த்திருக்கிறார். தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு மூன்று மாதமாக ஒரு கேள்வி கேட்கவில்லை, ஜன்னல் பக்கம் ஒருமுறை கண்ணைத் திருப்பவில்லை. மாடம்பாக்கத்தில் எங்கள் காலனியில் படித்தவர்கள் எத்தனை பேர், பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர். அவர்களில் ஒருவராலும் முடியாத காரியம் அது.

வேலி எழுந்து நின்ற அன்றைக்கு அவர் செய்த வேலையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அக்காவின் சிவப்புத் துண்டை நாற்காலியின் முதுகில் போடச் சொன்னார். பிறகு சந்தில் இறங்கி நடந்தார். முதலில் சாதாரணமாக. பிறகு பிள்ளை உயரத்துக்குக் குனிந்து. பிறகு கூடையைத் தலையில் வைத்து மெதுவாக, எட்டி எட்டிப் பார்க்கிறவர்கள் நடை எப்படியோ அப்படி. தெரிந்த ஒருவரின் சைக்கிளை நிறுத்தி அதில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். ஸ்கூல் வேன் வந்ததும் டிரைவரிடம் ஏதோ சொல்லிப் படியில் ஏறி, ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார். பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பி வந்து, "அந்த ஓரத்துல செவப்பு ஒரு நூலு தெரியுது" என்றார். அவர் வீட்டுக்காரர் அந்தப் பலகையைக் கழற்றி ஒரு விரல் நகர்த்தினார். மீன்காரம்மா மறுபடி பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

எப்படிம்மா இதெல்லாம் தெரியும் என்று கேட்டேன்.

"தெருவுல நடக்கறவளுக்குத் தெரியாதா, எந்த வூட்ல இன்னா தெரியுதுன்னு? தெனைக்கும் பாத்துகினுதான் போறன். எதப் பாக்கக் கூடாதுன்னும் அப்பத்தான் தெரியும்."

அக்கா உடனே வரவில்லை. அது வேலியின் குற்றமில்லை. பத்து நாள் கழித்து, நான் குளித்துவிட்டு வரும்போது பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. அவள் நாற்காலியில் இல்லை. வேலியருகே நின்று பலகையில் உள்ளங்கையை வைத்திருந்தாள். அங்குலம் அங்குலமாகக் கையை நகர்த்தி, காற்று எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தாள். கண்டுபிடித்ததும் முகம் மாறியது. கணக்கு விடை வந்துவிட்டால் அவளுக்கு வருகிற முகம் அது. அதைப் பார்த்து நாளாகியிருந்தது. பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். அடுத்த மழைக்காலத்தில் இரண்டு நாள் பேய்க்காற்று அடித்து, எதிர்வீட்டு மாடியிலிருந்த தகரம் பிய்த்துக்கொண்டு எங்கள் சந்தில் வந்து விழுந்தது. வேலி உம்மென்று முனகியபடி நின்றது. காற்று வந்தது, போனது. பலகை ஒன்று அசையவில்லை.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷமாகிறது. இந்தச் சித்திரையில் மீன்காரம்மா ஒரு மொபெட்டும் பின்னால் கட்டிக்கொள்ள ஐஸ் பெட்டியும் வாங்கிவிட்டார். தலைச்சுமை போயிற்று. ஒருநாள் பழைய கூடையைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தார். "டீச்சர் துணி கினி எடுத்துகினு போவ வெச்சிக்கட்டும்." அன்று சாயந்திரம் அக்கா அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்த நெளிவைக் காட்டி, "இது என்னால வந்தது. வேலி விழுந்த அன்னிக்கு அவங்கள அப்படிப் பயமுறுத்திட்டேன்" என்றேன்.

அக்கா தேய்ப்பதை நிறுத்தினாள். "பயந்தா போட்டாங்க? உனக்கு அப்படித்தான் தெரிஞ்சுதா?"

"பின்ன?"

"வேலி விழுந்ததும் பதறித் திரும்பினேன், எனக்கு நேர் எதிர்ல அவங்கதான் நின்னாங்க. என்னைப் பாத்தாங்க. முதுகு, கை, எல்லாத்தையும் பாத்தாங்க. அப்புறம் திரும்பி ரோட்டைப் பாத்தாங்க, எல்லாரும் திரும்பிக்கிட்டிருந்தாங்க. ரெண்டு கையாலயும் கூடையைத் தலைக்கு மேல தூக்கி, ஓங்கி ரோட்ல போட்டாங்கடா. பயந்தவங்க கூடையைத் தலைக்கு மேல தூக்க மாட்டாங்க."

நான் நெளிவைப் பார்த்தேன். கை நழுவி விழுந்த கூடைக்கு இவ்வளவு ஆழமான நெளிவு வராது. இத்தனை வருஷம் அது தினமும் என் கண் முன்னால்தான் வந்துபோனது. அன்றைய பிழைப்பு முழுவதையும் கொட்டி, ஒரு சந்தின் கண்கள் எல்லாவற்றையும் தரைக்கு இழுத்து, என் அக்கா எட்டு எடுத்துவைத்து உள்ளே போகிறவரை ஒரு வேலியாக நின்றிருக்கிறார். அந்தக் கண்களில் என் கண்ணும் இருந்தது. "ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். "அவங்களே சொல்லாதப்போ நான் எப்படிச் சொல்றது" என்றாள் அக்கா. "அந்த வேலிக்காகவா நான் வெளிய வந்தேன்? அவங்க போட்ட வேலிங்கறதுக்காக வந்தேன்."

மறுநாள் காலை மொபெட் சத்தம் கேட்டதும் நான் முந்திக்கொண்டு வாசலுக்குப் போனேன். என்ன பேசுவது என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "அன்னிக்கு வேலி விழுந்தப்போ கூடையை நீங்களே போட்டீங்களாம், அக்கா சொன்னாங்க" என்றேன்.

மீன்காரம்மா ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்தார். ஒரு வவ்வால் மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிக் காட்டினார். என் முகத்தைப் பார்த்தார், எடை போடும்போது பார்ப்பது போலவே.

"கை வழுக்கிடிச்சி தம்பி. மீனு கை, வழுக்காதா?"

பக்கவாட்டுத் தோட்டத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அக்கா வெயிலிலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்தாள். தோல் முழுக்கச் சரியாகிவிடவில்லை. முழங்கையிலும் தோளிலும் சிவப்பு அப்படியேதான் இருந்தது. துண்டை எடுத்துப் போர்த்திக்கொள்வாள் என்று பார்த்தேன். துண்டு நாற்காலியிலேயே கிடந்தது. வேலியோரம் சாய்த்திருந்த அன்னக்கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஸ்கூல் வேன் அப்போதுதான் வந்து நின்றது, சித்தாள் பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைத் தாண்டி, இரும்புக் கதவைத் திறந்துகொண்டு, சந்தில் இறங்கி, "என்ன மீன் இன்னிக்கு?" என்று கேட்டபடி மொபெட்டை நோக்கிப் போனாள்.